ஓட்டிப் பார்க்க எடுத்துப் போன கார்

வேலை முடிந்த வண்டியை ஓட்டிப் பார்க்கப் போகிற கராஜ்காரன் சட்டை மாற்றமாட்டான். கிரீஸ் கையைத் துணியில் துடைத்துவிட்டு, சீட்டில் கறை படாமல் ஒரு பழைய சாரத்தை விரித்து, அப்படியே ஏறி உட்காருவான். அன்றைக்கு நான் குளித்தேன். இஸ்திரி போட்ட சட்டை போட்டேன். கண்ணாடியைப் பார்த்துத் தலைகூட வாரினேன். அதனால் ‘நான் என்ன செய்ய, எல்லாம் தன்பாட்டில் நடந்துவிட்டது’ என்று சொல்ல எனக்கு வாயில்லை.

என் கராஜ் டிக்கோயாவில், வீதியோரமாக இருக்கிறது. வருவதெல்லாம் த்ரீவீல், வேன், எப்போதாவது தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி. அந்த இடத்துக்கு, நுவரெலியாவில் சித்திரை சீசன் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, கண்டியிலிருந்து ஒரு சிங்கள மாத்தயா பழைய அமெரிக்கக் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டே கதவு, நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர், கரும்பச்சை நிறம். மசல் கார் என்பார்கள். மசல் எல்லாம் எஞ்சினில்தான். முன்பக்க ஸ்பிரிங்கும் ஷொக்கும் நேர் ரோட்டுக்கென்றே செய்தவை. எங்கள் பக்கத்தில் நேர் ரோட்டுக்கு எங்கே போவது? வளைவில் திருப்பினால் கார் ஒரு பக்கமாகப் படுத்தது. பிரேக் பிடித்தால் மூக்கால் தரையைக் குத்தப் போனது. ஹட்டன் வருவதற்குள் தனக்கே தலை சுற்றிவிட்டதாக மாத்தயா சொன்னார்.

சீசனுக்கு அந்தக் காரில் நுவரெலியா போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காக வெளிநாட்டிலிருந்து ஒரு ஜோடி கொய்லோவர் வரவழைத்திருந்தார். ஸ்பிரிங் தனி, ஷொக் தனி என்று இல்லாமல், ஷொக்கின் மேலேயே ஸ்பிரிங்கைக் கோத்து ஒரே துண்டாகச் செய்த சாமான் அது. உடம்பு முழுக்கத் திருகாணிபோல மறை வெட்டியிருக்கும். அதில் இருக்கிற வளையத்தைத் திருகினால் காரின் முன்பக்கம் உயரும், மறுபக்கம் திருகினால் தணியும். கண்டியில் பெரிய பெரிய கராஜ் இருக்க என்னிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். உன்னிடம் வண்டியைக் கொடுத்து வேலை பார்த்த வேன்காரன் ஒருவன் சொன்னான் என்றார். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு ரயிலேறிப் போய்விட்டார். ரசீது கேட்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தால் அதுவே என்னைக் குத்துகிறது.

வேலையைப் பற்றி நான் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதையாவது சொல்லிக்கொள்கிறேன். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றுவது விளையாட்டல்ல. அதை இறுக்கிச் சுருக்கித்தான் வெளியே எடுக்க வேண்டும். நழுவினால் ஆளை விட்டுவைக்காது. கராஜில் நின்ற எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுத் தனியாகத்தான் இழுத்தேன். இத்தனை வருடத் துருவும் சேறும் அதோடு சேர்ந்து கொட்டியது. மேலே பிடிக்கிற தட்டின் துளைகள் சரியாக வரவில்லை. அரத்தால் ராவிப் பொருத்தினேன். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வளையத்தைத் திருகி, சக்கரத்தை மாட்டி, ஜாக்கை இறக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். தூங்கி வழிந்த மூக்கு நிமிர்ந்திருந்தது. நானே ஒரு தடவை கைதட்டினேன்.

கொய்லோவர் பூட்டியதும் வேலை முடியாது. கொஞ்ச தூரம் மேடு பள்ளத்தில் ஓட்டி, ஸ்பிரிங் தன் இடத்தில் படிந்த பிறகு உயரத்தைத் திரும்ப அளந்து, அதன் பிறகுதான் ஹட்டனில் வீல் எலைன்மென்ட் பார்க்க வேண்டும். “நல்லா வளைவுல போட்டு ஓட்டிப் பாருங்க” என்று மாத்தயாவே போனில் சொன்னார். ஆகவே காரை எடுத்தது தப்பில்லை. வட்டவளைப் பக்கம் போயிருக்கலாம், வளைவுக்குப் பஞ்சமில்லை. நான் எங்கள் தோட்டத்துக்குப் போனேன்.

அம்மா இன்னும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், அந்த லயத்தில்தான் இருக்கிறார். கொழுந்துக்குப் போவதை நிறுத்திவிட்டார், லயத்தை விட்டு வர மாட்டேன் என்கிறார். அவருக்கு அங்கே ஒரு குறை இருந்தது. அந்தக் குறை நான்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை கொழும்பில் கடை வைத்திருக்கிறான், மேல் லயத்துப் பிள்ளை டுபாயில் இருக்கிறான். உயர்தரம் வரைக்கும் படித்த நான் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக் கிடக்கிறேன். “படிச்ச புள்ள, இப்பிடிக் கரியும் எண்ணெயுமா” என்று யாராவது இழுக்கும்போதெல்லாம், “எங்க இருந்தாலும் நல்லா இருந்தாச் சரி” என்று சொல்லி அம்மா பேச்சை முடித்துவிடுவார். அந்தப் பேச்சு எனக்கும் காதில் விழுந்திருக்கிறது. சட்டை மாற்றியதன் காரணம் அதுதான்.

நான் போனது வெள்ளிக்கிழமை பின்னேரம். கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுப் பெண்கள் வீடு திரும்புகிற நேரம் பார்த்துப் போனேன். எட்டு சிலிண்டரின் சத்தம் எனக்கு முன்னால் மலையேறிவிட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தைத் திரும்புவதற்குள் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். தலையில் கட்டிய துணியை அவிழ்க்காமலே பெண்கள் வரிசையாக நின்றார்கள். அத்தை என்று நான் கூப்பிடுகிற பக்கத்து வீட்டுக்காரர்தான் முதலில் கத்தினார்.

“மதினி! மதினி! வெளிய வந்து பாருங்க! ஒங்க மகன் காரு எடுத்துட்டான்!”

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பொனட்டில் கையை வைத்தார். சூடு பட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பிறகு என் கன்னத்தைத் தடவினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஏஞ் சாமி, ஒரு வார்த்த சொல்லலியே” என்றார்.

அந்த இடத்தில் ஒரே ஒரு வசனம் போதும். ‘இது என் கார் இல்லைம்மா, வேலைக்கு வந்தது.’ அதைச் சொல்லியிருந்தால் எல்லோரும் ஒரு தடவை சிரித்திருப்பார்கள், அத்தை என்னைக் கொஞ்ச நாள் கிண்டல் பண்ணியிருப்பார், கதை முடிந்திருக்கும். நான் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறான் என்று தெரியாதபடி ஒரு சிரிப்பு இருக்கிறதே, அது.

எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்கு வாகனம் வந்தால் அது அந்த வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. கோயில் முன்னால் நிறுத்தாமல் அதை வாசலில் நிறுத்த விடமாட்டார்கள். ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்கே மேளத்தைத் தவிர மற்றெல்லாம் செய்திருக்கிறார்கள். நான் சீட்டில் உட்கார்ந்தபடியே இருக்க, ஒருவர் எலுமிச்சம்பழத்துக்குப் போனார், ஒருவர் தேங்காய்க்குப் போனார். அத்தை ஆலாத்தி கரைக்கப் போனார். பூசாரி அப்போதுதான் வேலை விட்டு வந்தவர், கால் கழுவிக்கொண்டு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்துவிட்டார். பெரட்டுக் களத்திலிருந்து மாரியம்மன் கோயில் வரைக்கும் கார் மெதுவாகப் போனது, லயமே பின்னால் நடந்து வந்தது.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பொனட்டில் சந்தனத்தை அள்ளிப் பூசி, குங்குமம் வைத்து, தன் தலைக்கென்று கட்டி வைத்திருந்த மல்லிகையை அத்தை கண்ணாடியில் மாட்டினார். சூடம் காட்டும்போது “யாரு பேருக்கு அர்ச்சன?” என்று பூசாரி கேட்டார். அம்மா என் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். என் பேர் மந்திரத்தோடு சேர்ந்து வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் கூடக்கூடச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. அதைவிட வெட்கக்கேடு ஒன்று இருக்கிறது. காரை முன்னால் எடுக்கும்போது சக்கரங்கள் பழத்தில் ஏறி இறங்கின. முன்பக்கம் துள்ளவே இல்லை, பூப்போல இறங்கியது. நல்லாப் பூட்டியிருக்கிறேன் என்று அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது.

கோயிலிலிருந்து லயத்துக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். எதிலும் கை படாமல், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

“ஒன்னப் பெக்குறதுக்கு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு என்னையக் கொழுந்து லொறியிலதான் ஏத்திக்கிட்டுப் போனாங்க” என்றார். “சாக்கு மேல படுத்துக்கிட்டுப் போனேன். ஒவ்வொரு பள்ளத்துலயும் உசிரு போயி உசிரு வந்துச்சு. இது என்னா தம்பி, பள்ளமே தெரியல?”

“முன்னுக்கு ஸ்பிரிங் மாத்தியிருக்கும்மா” என்றேன். அன்றைக்கு அவரிடம் நான் சொன்ன முழு உண்மை அவ்வளவுதான்.

காரில் அவரும் நானும் மட்டும்தான் இருந்தோம். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. வாசல் வந்துவிட்டது. அத்தை கதவைத் திறந்துவிட்டார். அம்மா இறங்கும்போது நிமிர்ந்து இறங்கினார். அந்த நிமிர்வை அதற்கு முன்னால் நான் அவரிடம் பார்த்ததில்லை. கோழையாக இருப்பதற்கு எனக்கு அது ஒரு சாக்காகப் போய்விட்டது.

கராஜுக்கு வந்ததும் சந்தனத்தைக் கழுவினேன். மல்லிகையை எடுத்துச் சாமிப் படத்துக்குப் போட்டேன். அடுத்த நாள் உயரத்தை அளந்து, வளையத்தை ஒரு சொட்டுத் திருகி, ஹட்டனுக்குக் கொண்டுபோய் எலைன்மென்ட் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் மாத்தயா வந்தார். காரைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், முன்பக்கத்தைக் கையால் அமுக்கிப் பார்த்தார், சிரித்தார். பிறகு பொனட்டின் இடுக்கில் விரலை வைத்துத் தேய்த்தார். விரல் சிவந்தது. எத்தனை கழுவினாலும் இடுக்கில் போன குங்குமம் வராது என்று எனக்குத் தெரியாதா?

“இது என்ன?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“அம்மா பூஜை வைத்தார்” என்றேன். அதுவும் உண்மைதான். எனக்கு வாய்த்த உண்மையெல்லாம் இப்படி அரைகுறையாகத்தான் வந்தது.

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. ஸ்பிரிங் வந்த நாளிலிருந்து காருக்கு ஒரு பூஜை வைக்க வேண்டும் என்று தன் மனைவி சொல்லிக்கொண்டே இருந்ததாகவும், தனக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். யாரென்றே தெரியாத ஓர் அம்மா என் காருக்காகச் சாமி கும்பிட்டிருக்கிறார், அவரைப் பார்க்காமல் போக மாட்டேன் என்றார். தூரம் என்றேன். பரவாயில்லை என்றார். ரோடு சரியில்லை என்றேன். அதற்குத்தானே கொய்லோவர் போட்டோம் என்றார். போகும் வழியில் நிறுத்தி ஒரு கட்டு வெற்றிலை வாங்கினார். பெரியவர்களுக்கு நன்றி சொல்லப் போகும்போது சிங்களவர்கள் வெற்றிலை கொடுத்துத்தான் கும்பிடுவார்கள்.

காரை அவர் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அந்த ரோடு அவ்வளவு சீக்கிரம் முடிந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமையாதலால் எல்லோரும் லயத்தில்தான் இருந்தார்கள். கார் நின்றது. ஸ்டியரிங் பக்கத்திலிருந்து மாத்தயா இறங்கினார், சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். பெரியவர்கள் காரைச் சுற்றி நின்றார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு அவரை அம்மாவிடம் கூட்டிப் போனேன்.

வாசலில் வைத்து மாத்தயா வெற்றிலையை இரண்டு கையாலும் நீட்டினார். மெதுவாக, மரியாதையாக, சிங்களத்தில் பேசினார். “என் காருக்குப் பூஜை வைத்தீர்களாம். உங்கள் மகன் சொன்னார். அவருடைய வேலையும் தங்கமான வேலை. உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும் அம்மா.”

அம்மாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ‘என் கார்’ என்ற இடத்தில் அவருடைய முகத்தில் ஒன்று அணைந்ததை நான் பார்த்தேன். என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மாத்தயாவின் தலையைத் தொட்டு, நல்லா இருக்க வேண்டும் என்று சிங்களத்திலேயே சொன்னார்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. காருக்குப் பக்கத்தில் நின்றபடியே கேட்டார்.

“யாரு மதினி அந்த மாத்தயா? அவரு ஏன் ஓட்டிக்கிட்டு வாராரு?”

லயமே திரும்பிப் பார்த்தது. இப்போது சொல்லிவிடலாம், இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டு நிற்கும்போதே அம்மா வெற்றிலைக் கட்டை உயர்த்திக் காட்டினார்.

“காரு அவருக்குப் புடிச்சிருச்சாம். வெலைக்குக் கேட்டு வந்திருக்காரு. வெத்தல வாங்கிட்டேன்.”

எங்கள் ஆட்களுக்கு வெற்றிலை வாங்கினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. “அடப் பாவமே, இப்பத்தானே பழம் வச்சோம்” என்று அத்தை மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாரா? மாத்தயாவிடம் போய்த் தன் சிங்களத்தில் கேட்டார், “காரை வாங்கிவிட்டீர்களா மாத்தயா?”

மாத்தயா அத்தையைப் பார்த்தார். அம்மாவின் கையில் இருந்த வெற்றிலையைப் பார்த்தார். பிறகு என் இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்தார். வெட்கமில்லாமல் அன்றைக்கும் அதையே போட்டுக்கொண்டு போயிருந்தேன். அவருக்குப் புரிய அவ்வளவு நேரம் எடுக்கவில்லை.

“ஆமா, வாங்கிட்டேன்” என்று தமிழில் சொன்னார்.

எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். நல்ல கார், கவனமாக வைத்திருங்கள் என்று பூசாரி அவருக்குப் புத்தி சொன்னார். சரி, வைத்திருக்கிறேன் என்று தன் காரைப் பற்றி அந்த மனிதர் தலையாட்டினார். நான் காருக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டேன். டிக்கோயா வரும்வரை அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிரேக் பிடித்தால் இப்போது மூக்குக் குத்துவதில்லை என்றார். வளைவில் எவ்வளவு நன்றாக நிற்கிறது என்றார். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும். பேசின கூலியைக் கையில் வைத்துவிட்டு, தோளில் தட்டிவிட்டு, நுவரெலியாவுக்குப் போய்விட்டார். அதன் பிறகு இரண்டு பேரைக்கூட என்னிடம் அனுப்பியிருக்கிறார். அவர்கள் வரும்போதெல்லாம் நான் அவர்களுடைய முகத்தைப் பார்க்காமல் வேலை செய்கிறேன்.

அந்த வாரம் நான் லயத்துப் பக்கம் போகவில்லை. அத்தைதான் எனக்குப் போன் எடுத்தார். “அம்மாவுக்கு மேலுக்கு ஏதும் முடியலியா தம்பி? வெள்ளிக்கெழம கோயிலுக்கு வரல. கேட்டா ஒன்னுமில்லங்கிறாங்க” என்றார். எனக்கு நினைவு தெரிந்து அம்மா வெள்ளிக்கிழமைக் கோயிலை விட்டதில்லை. காய்ச்சலோடும் போவார், மழையில் கொங்காணியைப் போட்டுக்கொண்டும் போவார். ஏன் போகவில்லை என்று எனக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த அர்ச்சனையில் என் பேரைச் சொன்னது அவர். பிறகு அதே லயத்துக்கு முன்னால் பொய் சொன்னதும் அவர். அந்தச் சாமிக்கு முன்னால் போய் நிற்க அவருக்கு முகமில்லை. எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை, நான்தான் கோயிலுக்கே போகிறவன் இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனேன். அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். வெளியே அத்தை யாரிடமோ, நல்ல விலை வந்ததும் மகன் காரை விற்றுவிட்டான், கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது. அம்மாவுக்கும் கேட்டது. மாவை உருட்டினார், தட்டினார், கல்லில் போட்டார். எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்தார். என்றைக்கும் போலத்தான் இருந்தார், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“அம்மா, நான் வெளிய போயி எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிர்றேன்” என்றேன். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த வசனம் அது.

“வேணாம்.”

“நீங்க கோயிலுக்குப் போகலியாம். எனக்காகத்தானே பொய் சொன்னீங்க. தப்பு என்னோடதும்மா.”

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டார். அது வெந்ததும் இறக்கினார். பிறகு அதை என் தட்டில் வைத்தார்.

“பொய் சொன்னது நாந்தான் தம்பி” என்றார். “நீதான் வாயே தொறக்கலியே.”